பஃபி காமிக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' சீரியல் 2003-இல் முடிந்தாலும் கதை முடியவில்லை, காமிக்ஸில் தொடர்ந்தது என்று யாரிடமாவது சொல்லிவிட்டால் போதும், அடுத்த அரை மணி நேரம் எனக்கு வேறு வேலை ஓடாது. எதிலிருந்து தொடங்குவது, எது உண்மையான தொடர்ச்சி, எத்தனை சீசன், ஏன் இரண்டு கம்பெனி... திரும்பத் திரும்ப அதே கேள்விகள்தான். அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கதையைப் போட்டு உடைக்கிற இடம் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

பஃபி யார்? இரண்டு வரியில் சொல்லுங்கள்.

கலிஃபோர்னியாவில் சன்னிடேல் என்று ஒரு கற்பனை ஊர். அந்த ஊர்ப் பள்ளிக்கூட நூலகத்துக்கு அடியில் நரகத்தின் வாசல் இருக்கிறது. அங்கே புதிதாகப் படிக்க வரும் பஃபி சம்மர்ஸ்தான் அந்தத் தலைமுறையின் 'ஸ்லேயர்', அதாவது ரத்தக்காட்டேரிகளைக் கொல்வதற்கென்றே பலம் கொடுக்கப்பட்ட பெண். அவளுக்கு வழிகாட்ட நூலகர் வேடத்தில் கைல்ஸ் என்று ஒரு ஆங்கிலேயர், கூட வில்லோ, ஸாண்டர் என்று இரண்டு நண்பர்கள். 1992-இல் ஜாஸ் வீடன் எழுதி ஒரு சினிமா வந்தது, அது அவர் நினைத்த மாதிரி வரவில்லை. அதையே அவர் 1997 மார்ச்சில் சீரியலாக மறுபடி தொடங்கினார். சாரா மிஷெல் கெல்லர் நடித்தார். ஏழு சீசன், 144 எபிசோட், 2003 மே மாதம் முடிந்தது.

இரண்டு வரி தாண்டிவிட்டது, தெரியும்.

ரத்தக்காட்டேரி என்று எழுதுகிறீர்களே, வாம்பயர் என்றே எழுதலாமே?

எழுதலாம். எனக்குச் சின்ன வயதில் காமிக்ஸிலும் மாத நாவலிலும் பார்த்துப் பழகிய சொல் ரத்தக்காட்டேரிதான், கை தானாக அதையே எழுதுகிறது. நம் ஊர்க் காட்டேரி வேறு என்பது சரிதான். அவளுக்குக் கோயில் உண்டு, படையல் உண்டு. பஃபியின் காட்டேரிகளுக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது, மார்பில் மரக்கூர் இறங்கினால் அடுத்த நொடி தூசி. இந்தப் பக்கம் முழுக்க இரண்டு சொல்லும் மாறி மாறி வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதையில் காட்டேரிகளின் விதிகள் என்ன?

பெரும்பாலும் பழைய விதிகள்தான். வெயில் பட்டால் எரிந்துவிடும், கண்ணாடியில் உருவம் தெரியாது, வீட்டுக்காரர் கூப்பிடாமல் வாசற்படி தாண்ட முடியாது, சிலுவையும் புனித நீரும் சுடும். வித்தியாசம் ஆன்மா விஷயத்தில். இங்கே மனிதன் செத்ததும் ஆன்மா போய்விடுகிறது, அந்த உடம்பில் ஒரு பிசாசு குடியேறுகிறது. நினைவும் பேச்சும் பழைய ஆளுடையதுதான், உள்ளே இருப்பது அந்த ஆள் இல்லை. இதில் இரண்டு விதிவிலக்கு: சாபத்தால் ஆன்மா திரும்பக் கிடைத்த ஏஞ்சல், தானே தேடிப்போய் வாங்கிக்கொண்ட ஸ்பைக். பஃபியின் காதல் தொல்லைகள் அத்தனையும் இந்த இரண்டு பேரைச் சுற்றித்தான்.

குத்தியதும் தூசியாவது எதற்கு என்றால், ஒரு பள்ளிக்கூடப் பெண் வாராவாரம் பிணங்களைக் குவிப்பது போல் இருக்கக் கூடாது என்பதற்காக. பிணத்தை அப்புறப்படுத்தும் காட்சிகளும் மிச்சம். சீரியலுக்கு அது பெரிய வசதி. காமிக்ஸில் அந்த வசதி தேவையே இல்லை, இருந்தாலும் தூசி தூசிதான்.

சீரியல் பார்க்காமல் நேராகக் காமிக்ஸ் படிக்கலாமா?

வேண்டாம். புரியாது என்பதற்காகச் சொல்லவில்லை, கதை ஓரளவு புரியும்தான். ஆனால் ஸாண்டர் ஒரு கண்ணில் கட்டுப் போட்டுக்கொண்டு அதிகாரி மாதிரி ஆணை போடும் முதல் காட்சியில், சீரியல் பார்த்தவனுக்கு உள்ளுக்குள் என்னவோ ஆகும். பார்க்காதவனுக்கு அவன் கண்கட்டுப் போட்ட ஒரு ஆள், அவ்வளவுதான். 144 எபிசோட் அதிகம் என்றால் இரண்டாம், மூன்றாம், ஐந்தாம், ஏழாம் சீசன்களையாவது பார்த்துவிட்டு வாருங்கள். முதல் சீசன் 12 எபிசோட்தான், காசு இல்லாமல் எடுத்தது அப்பட்டமாகத் தெரியும், அதுவும் ஒரு அழகு.

மொத்தம் எத்தனை பஃபி காமிக்ஸ் இருக்கிறது?

இங்கேதான் எல்லாரும் குழம்புகிறார்கள். மூன்று குவியலாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் குவியல், சீரியல் ஓடிக்கொண்டிருந்தபோதே வந்தது. 1998-இல் டார்க் ஹார்ஸ் காமிக்ஸ் மாத இதழாகத் தொடங்கி 2003 வரை 63 இதழ்கள் போட்டது. எபிசோடுகளுக்கு நடுவே நடக்கும் பக்கக் கதைகள். படித்தாலும் படிக்காவிட்டாலும் மூலக்கதை நகராது. இதில் ஒரு சுவாரசியம், நடிகர்களே சிலவற்றை எழுதியிருக்கிறார்கள். வில்லோவின் காதலி டாராவாக நடித்த ஆம்பர் பென்சன் வில்லோ-டாரா கதை ஒன்றையும், ஸ்பைக்காக நடித்த ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ் ஸ்பைக் கதை ஒன்றையும், இரண்டு பேருமே கிறிஸ்டோபர் கோல்டனோடு சேர்ந்து எழுதினார்கள்.

இரண்டாம் குவியல்தான் நீங்கள் கேள்விப்பட்டது. 2007-இல் தொடங்கிய 'சீசன் 8', அப்புறம் 9, 10, 11, 2018-இல் முடிந்த 12. சீரியலின் அதிகாரபூர்வத் தொடர்ச்சி என்றால் இதுதான்.

மூன்றாவது, 2019 ஜனவரியில் பூம் ஸ்டூடியோஸ் தொடங்கியது. அது தொடர்ச்சி இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து. கீழே தனியாகச் சொல்கிறேன்.

காமிக்ஸுக்கு எதற்கு 'சீசன்' என்று பெயர்?

ஏனென்றால் அதைச் சீரியல் மாதிரியே நடத்தினார்கள். ஜாஸ் வீடன்தான் மேலிருந்து நடத்தினார், புத்தகத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் சினிமாக்காரர்கள் போல எக்ஸிக்யூட்டிவ் புரொட்யூசர் என்றே போட்டிருக்கும். சீசன் 8-இன் முதல் ஐந்து இதழ்களை அவரே எழுதினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு கதைப்பகுதியும் ஒவ்வொருவர் கையில், நடுநடுவே அவரும் எழுதினார். ப்ரையன் கே. வான், ஃபெய்த் என்ற இன்னொரு ஸ்லேயரின் கதையை எழுதினார், சீரியலில் எழுதிய ட்ரூ காடார்டும் ஜேன் எஸ்பென்சனும் வந்தார்கள், பிறகு ப்ராட் மெல்ட்சர். கடைசிப் பகுதிக்கு வீடன் திரும்பி வந்தார். ஓவியம் பெரும்பாலும் ஜார்ஜஸ் ஜீன்டி. 2007 மார்ச் முதல் 2011 ஜனவரி வரை 40 இதழ்கள். முதல் இதழ் ஒரு லட்சம் பிரதிக்கு மேல் போனது, மறுபடி மறுபடி அச்சடித்தார்கள். 2008-இல் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர், சிறந்த புதுத் தொடருக்காகக் கிடைத்தது.

சீசன் 8 கதை என்ன? உடைக்காமல் சொல்லுங்கள்.

சீரியலின் கடைசி எபிசோடில் பஃபி பழைய விதியையே உடைத்துவிடுகிறாள். ஒரு நேரத்தில் ஒரு ஸ்லேயர் என்பது போய், உலகம் முழுக்க அந்தப் பலத்துக்குத் தகுதியுள்ள எல்லாப் பெண்களுக்கும் ஒரே நொடியில் பலம் வந்துவிடுகிறது. சன்னிடேல் ஊரே பள்ளமாக உள்ளே போகிறது. பஸ்ஸில் ஏறித் தப்பித்தவர்கள் இறங்கி நின்று அந்தப் பள்ளத்தைப் பார்க்கிறார்கள், இனி என்ன செய்யப் போகிறாய் என்று பஃபியைக் கேட்கிறார்கள், அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு, முடிந்தது.

காமிக்ஸ் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் என்ன ஆனது என்று கேட்கிறது. 1800 பெண்கள் வரை கணக்கில் வந்திருக்கிறார்கள், அதில் 500 பேர் பஃபியோடு. ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டை தலைமையகம். ஹெலிகாப்டர் இருக்கிறது, கணினிகள் இருக்கிறது, பல நாடுகளில் குழுக்கள் இருக்கிறது. அமெரிக்க ராணுவம் இவர்களைப் பார்த்து, பலமும் கொள்கையும் உள்ள ஒரு படை, யாருக்கும் கட்டுப்படாத படை, இதற்குப் பெயர் பயங்கரவாதம் இல்லாமல் வேறென்ன என்கிறது. முகமூடி போட்ட ட்வைலைட் என்ற வில்லன் அதை ஊதிப் பெரிதாக்குகிறான். நல்லது செய்ததாக நினைத்த ஒரு பெண்ணை உலகம் எதிரியாகப் பார்க்கத் தொடங்குகிறது, அதுதான் 40 இதழ்களின் ஓட்டம்.

ட்வைலைட் என்றால் அந்தக் காதல் சினிமாவா?

இல்லை. பெயர் ஒற்றுமை. அந்த நாவல் 2005-இல் வந்தது, சினிமா 2008-இல். இங்கே ட்வைலைட் என்பது வில்லனின் பெயர். ஆனால் அந்த நேரத்தில் அமெரிக்காவில் காட்டேரி மோகம் தலைக்கேறியிருந்ததைக் காமிக்ஸ் நன்றாகவே கிண்டல் செய்கிறது. ஹார்மனி என்று சீரியலில் ஒரு அசட்டுக் காட்டேரி உண்டு, அவள் தன் வாழ்க்கையையே டிவி ரியாலிட்டி ஷோவாக நடத்தி உலகப் புகழ் பெறுகிறாள். காட்டேரிகள் ஃபேஷன் ஆகிவிடுகிறார்கள். அவளைக் கொல்லப் போன ஸ்லேயர் கேமரா முன்னால் வில்லியாகிவிடுகிறாள். 21-ஆம் இதழ். சீசனிலேயே எனக்குப் பிடித்த நையாண்டி இதுதான், பக்கம் குறைவு, அடி பலம்.

சீரியலுக்கும் காமிக்ஸுக்கும் பெரிய வித்தியாசம் என்ன?

பட்ஜெட். என்னைக் கேட்டால் இந்தக் காமிக்ஸைப் பற்றிப் பேச வேண்டிய விஷயம் இது ஒன்றுதான்.

சீரியலில் அவர்களிடம் காசு கிடையாது. மூன்றாம் சீசன் முடிவில் மேயர் பெரிய பாம்பாக மாறும் காட்சியைப் பாருங்கள், பாம்பை எவ்வளவு குறைவாகக் காட்ட முடியுமோ அவ்வளவு குறைவாகத்தான் காட்டுவார்கள். அதனால் கதை எப்போதும் ஆட்களிடமே திரும்பி வரும். ஒரு அறை, நாலு பேர், ஒரு சண்டை, ஒரு அழுகை. காமிக்ஸில் ஹெலிகாப்டர் வரையவும் நாற்காலி வரையவும் ஒரே மைதான். அந்த விடுதலை கிடைத்ததும் முதலில் செய்த காரியம் பஃபியின் தங்கை டானை ராட்சசியாக்கியது. கோட்டை உயரத்துக்கு நிற்கிறாள் அந்தப் பெண். அதற்குப் பிறகு பாதி குதிரையாகிறாள், அப்புறம் பொம்மையாகிறாள். டோக்கியோவில் காட்டேரிகள் சண்டைக்கு வரும்போது, ராட்சச டானுக்கு எதிராக அதே உருவத்தில் ஒரு ராட்சச இயந்திர டானைச் செய்து நிறுத்துகிறார்கள், இரண்டும் நடுத்தெருவில் மோதுகின்றன. படிக்கும்போது சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. படித்து முடித்து அலமாரியில் வைக்கும்போது, சரி, இதுக்காகவா நான் நாலு வருஷம் காத்திருந்தேன் என்றும் தோன்றியது.

கடைசிப் பகுதிக்கு முன்னால் இது கைமீறிப் போகிறது. பஃபி பறக்கிறாள், ரயிலை நிறுத்துகிறாள். காலனி வீட்டில் அம்மாவுக்குத் தெரியாமல் ஜன்னல் ஏறிக் குதித்த பெண் இவள்தானா என்று இருக்கும். வரம்பு இல்லாமல் போனது இந்தத் தொடருக்குக் கெடுதலாகத்தான் முடிந்தது. நல்ல இதழ்கள் எல்லாமே சின்ன இதழ்கள்.

5-ஆம் இதழைப் பற்றி எல்லாரும் சொல்கிறார்களே, அதில் அப்படி என்ன?

ஆமாம், சொல்வார்கள், நானும் சொல்வேன். 'த செயின்' என்று பெயர். ஒரே இதழில் முடியும் கதை. எதிரிகளைக் குழப்புவதற்காகப் பஃபி மாதிரி வேடம் போட்ட இரண்டு பெண்களை அனுப்பியிருக்கிறார்கள். ஒருத்தி ரோமில் கொண்டாட்டமாக இருக்கிறாள். இன்னொருத்தி பூமிக்கு அடியில், ராட்சசர்களுக்கு நடுவில். இந்த இதழ் அந்த இரண்டாமவளுடையது.

கதை அவள் பிணத்திலிருந்துதான் தொடங்குகிறது. செத்துவிட்டாள் என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு காலம் முன்னும் பின்னும் தாவுகிறது: அவளுக்குப் பலம் வந்த நாள், பயிற்சி, இந்த வேலைக்குத் தேர்ந்தெடுத்த நாள், கீழே அந்த இருட்டில் யாருக்கும் யாரையும் நம்பிக்கையில்லாத ஒரு கூட்டத்தை அவள் ஒன்று சேர்த்த விதம். எல்லாரும் அவளைப் பஃபி என்றே கூப்பிடுகிறார்கள். அவளுடைய சொந்தப் பெயர் கடைசி வரை வருவதே இல்லை. நான் இரண்டாம் தடவை படிக்கும்போது ஒவ்வொரு கட்டமாகத் தேடினேன், ஒரு நோட்டுப் புத்தகத்தின் அட்டையிலாவது, ஒரு அடையாள அட்டையிலாவது எழுதியிருப்பார்களா என்று. இல்லை. சீசன் முழுக்க 1800 பேர், 500 பேர் என்று எண்ணாகப் பேசிக்கொண்டே போகிறார்களே, அதில் ஒரு எண்ணை எடுத்து முகம் கொடுத்துவிட்டுப் பெயரை மட்டும் கொடுக்காமல் விட்டிருக்கிறார்கள். ஓவியர் பால் லீ. ஒரே ஒரு இதழ்தான் வாங்கக் காசிருக்கிறது என்றால் இதை வாங்குங்கள்.

முகங்கள் நடிகர்கள் மாதிரியே இருக்கிறதா?

அட்டையில் இருக்கும், உள்ளே அவ்வளவாக இருக்காது. ஜோ சென் வரைந்த அட்டைகள் புகைப்படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாம், அவ்வளவு நுணுக்கம். உள்ளே ஜீன்டி கொஞ்சம் கார்ட்டூன் சாயலில் வரைவார். கூட்டக் காட்சியில் பஃபியையும் இன்னொரு பொன்னிறக் கூந்தல் பெண்ணையும் பிரித்தறிய எனக்குச் சில இடங்களில் வசனம் படிக்க வேண்டியிருந்தது. ஆனால் முகபாவம் பிடிப்பதில் ஆள் கெட்டிக்காரர், பஃபி ஒரு பக்க உதட்டைக் கடித்து யோசிப்பது அப்படியே வரும்.

சீரியல் வில்லன் வாரன் ஆறாம் சீசனில் செத்துவிட்டானே, எப்படித் திரும்பி வந்தான்?

வில்லோ அவன் தோலை உரித்தாளே, அப்போது சாகவில்லை, எமி என்ற மந்திரக்காரி காப்பாற்றிவிட்டாள் என்பது காமிக்ஸின் விளக்கம். சரி, இருக்கட்டும். ஆனால் ஏழாம் சீசனில் 'த ஃபர்ஸ்ட்' என்ற தீய சக்தி வாரன் உருவில் வரும், அதுவோ செத்தவர்கள் உருவில் மட்டும்தான் வர முடியும். இடித்ததா? வீடனே அதை மறந்துவிட்டேன் என்று ஒத்துக்கொண்டார். அப்புறம் ஒரு நொடி இதயம் நின்றது, அந்த ஒரு நொடி செத்ததாகக் கணக்கு என்று ஒட்டுப் போட்டார்கள். ஒட்டு நன்றாகவே தெரிகிறது.

பஃபி ஒரு பெண்ணோடு உறவு வைத்துக்கொள்கிறாள் என்பது உண்மையா?

ஆமாம், 12-ஆம் இதழ், சாட்சு என்ற ஜப்பானிய ஸ்லேயர். அமெரிக்கப் பத்திரிகைகளில் அப்போது செய்தியாகவே வந்தது. செய்தியில் பார்த்ததைவிடக் கதையில் அது சாதாரணமாக இருக்கிறது. சாட்சுவுக்கு அது காதல், பஃபிக்கு அது தனிமை, இரண்டு பேருக்கும் அந்த வித்தியாசம் தெரியும். மறுநாள் காலை ஆட்கள் ஒவ்வொருவராக அறைக் கதவைத் திறந்துகொண்டு வருவது நல்ல நகைச்சுவை.

ட்வைலைட் யார்? (இதற்குக் கீழே இரண்டு பதிலில் கதை உடைகிறது.)

ஏஞ்சல்.

ஆமாம், அவனேதான். பஃபியைக் காப்பாற்றத்தான் முகமூடி போட்டேன், அவள் மேல் வரும் பெரிய ஆபத்தைத் திசைதிருப்பத்தான் இந்தப் படையைத் திரட்டினேன் என்கிறான். இடையில் செத்த ஸ்லேயர்கள் 206 பேர். அந்தச் சமாதானத்தை ஏற்றுக்கொள்ளாத ரசிகர்கள் ஏராளம், நானும் அதில் ஒருவன்.

இன்னொரு குழப்பம் என்னவென்றால் அதே சமயத்தில் ஏஞ்சலுக்கு வேறு கம்பெனியில் வேறு காமிக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. 'ஏஞ்சல்' என்று தனி சீரியல் உண்டு, 1999 முதல் 2004 வரை, 110 எபிசோட். அதன் காமிக்ஸ் உரிமை ஐடிடபிள்யூவிடம் இருந்தது. 2007 நவம்பரில் 'ஆஃப்டர் த ஃபால்' தொடங்கியது, ப்ரையன் லிஞ்ச் எழுத்து, ஃப்ராங்கோ உர்ரு ஓவியம், 17 இதழ். லாஸ் ஏஞ்சலஸ் ஊரையே நரகத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், சீரியலின் கடைசிக் காட்சியில் வந்த டிராகன் இங்கே ஏஞ்சலுக்கு வாகனம். என் கருத்தில் சீசன் 8-ஐ விடக் கட்டுக்கோப்பானது. அங்கே ஊரைக் காப்பாற்றியவன் இங்கே முகமூடியோடு நிற்கிறான், இரண்டுக்கும் நடுவில் என்ன ஆயிற்று என்பதை இரண்டு கம்பெனியும் சேர்ந்து உட்கார்ந்து சொல்லவே இல்லை.

கைல்ஸ்...?

தெரிந்துதான் கேட்கிறீர்கள். 39-ஆம் இதழ். ஏஞ்சல் கையால், கழுத்து முறிந்து. ஏஞ்சல் தன்வசத்தில் இல்லை என்பது உண்மை, அதனால் வலி குறையவில்லை. கோபத்தில் பஃபி மாயசக்திக்கெல்லாம் மூலமான விதையை உடைத்துவிடுகிறாள், உலகத்திலிருந்து மந்திரமே போய்விடுகிறது. மந்திரக்காரியாக இருந்த வில்லோ ஒரு சாதாரணப் பெண்ணாகிவிடுகிறாள், அதற்காகப் பஃபியை மன்னிக்கவும் முடியாமல் தவிக்கிறாள்.

இதை நானாகப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எட்டாவது தொகுப்பை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு வெளியூர் போயிருந்தேன், அத்தை மகன் எடுத்துப் படித்துவிட்டு ஃபோன் செய்து, அந்த லைப்ரரிக்காரர் பாவம் என்றான். இன்னும் அவனுக்கு நான் புத்தகம் இரவல் கொடுப்பதில்லை.

9 முதல் 12 வரை படிக்க வேண்டுமா?

சீசன் 9 பஃபி இதழ்கள் பரவாயில்லை ரகம். சான் ஃபிரான்சிஸ்கோவில் வாடகைக்கு இருந்துகொண்டு காப்பிக் கடையில் வேலை, கடன், ரூம்மேட். மந்திரம் போய்விட்டதால் புதிதாக உருவாகும் காட்டேரிகளுக்குப் புத்தியே இருக்காது, வெறும் வெறி, ஸாம்பயர் என்று பெயர் வைக்கிறார்கள். அதோடு வந்த 'ஏஞ்சல் அண்ட் ஃபெய்த்' 25 இதழ்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். கிறிஸ்டோஸ் கேஜ் எழுத்து, ரெபெக்கா ஐசக்ஸ் ஓவியம். கைல்ஸைத் திரும்பக் கொண்டுவர ஏஞ்சல் எடுக்கும் முயற்சி அது, கொண்டுவந்தும் விடுகிறான், ஆனால் சின்னப் பையன் உடம்பில். அந்த எழுத்தாளர்-ஓவியர் ஜோடிக்கே சீசன் 10-ஐக் கொடுத்தார்கள், 30 இதழ், ஆட்களிடம் திரும்பி வந்த கதை, காமிக்ஸில் இருப்பதிலேயே சீரியல் வாசனை அதிகம் அடிப்பது இதில்தான். 11 பன்னிரண்டே இதழ், மாயசக்தி உள்ளவர்களை அரசாங்கம் முகாமில் அடைப்பது பற்றியது. 12 நாலே இதழ், முடித்து வைப்பதற்காக எழுதியது.

ஃப்ரே என்று ஒன்று சொல்கிறார்களே?

அதைத் தவறாமல் படியுங்கள். 2001 முதல் 2003 வரை எட்டே இதழ், வீடன் எழுத்து, கார்ல் மோலின் ஓவியம். பல நூற்றாண்டுகள் கழித்து நியூயார்க்கில் மெலாகா ஃப்ரே என்று ஒரு திருட்டுப் பெண், அவளுக்கு ஸ்லேயர் என்றால் என்னவென்றே தெரியாது. பறக்கும் கார்களுக்கு நடுவே காட்டேரிகளை 'லர்க்' என்று கூப்பிடுகிறார்கள்.

இதில் ஒரு அருமையான விஷயம். அவள் கையில் ஒரு ஆயுதம் வரும், சிவப்புக் கோடரி மாதிரி, அடிப்பக்கத்தில் கூரான மரம். சீரியல் கடைசியில் பஃபி பாறையிலிருந்து உருவி எடுப்பாளே, அதே ஆயுதம். முதலில் வந்தது காமிக்ஸில்தான், சீரியல் அதை இங்கிருந்து எடுத்துக்கொண்டது. சீசன் 8-இல் 16 முதல் 19 வரை இரண்டு பேரும் நேரில் சந்திக்கிறார்கள்.

பூம் ஸ்டூடியோஸ் பஃபி எப்படி?

உரிமை கைமாறியதும் 2019-இல் புதிதாகத் தொடங்கினார்கள். எழுத்து ஜோர்டி பெல்லேர், அதற்கு முன் வண்ணம் தீட்டுவதில் பெயர் வாங்கியவர். ஆரம்ப ஓவியம் டான் மோரா. அதே சன்னிடேல், அதே பள்ளி, ஆனால் எல்லார் கையிலும் செல்ஃபோன். வில்லோ தொடக்கத்திலிருந்தே ஒளிவு மறைவில்லாமல் தோழியோடு இருக்கிறாள். சீரியல் பார்க்காதவர்கள் நேராகப் படிக்கக்கூடியது இது ஒன்றுதான். ஸாண்டருக்கு நடக்கும் விஷயம் துணிச்சலானது, சொல்ல மாட்டேன்.

பழைய ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை: பெயர்கள் அதே, ஆட்கள் வேறு. அதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஆறு இதழ் ஆனது.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

பத்து வயதுக்கு வேண்டாம். தோலில்லாத வாரனே போதும், ராத்திரி தூங்க மாட்டார்கள். பதினைந்து பதினாறு என்றால் தாராளமாக.

வீடன் மீது வந்த புகார்களுக்குப் பிறகும் இதைப் படிக்கலாமா?

2021-இல் கார்டீலியாவாக நடித்த கரிஸ்மா கார்ப்பென்டர், படப்பிடிப்பில் வீடன் நடந்துகொண்ட விதம் பற்றி வெளிப்படையாகப் பேசினார், கூட நடித்தவர்கள் பலர் கரிஸ்மாவுக்கு ஆதரவாக நின்றார்கள். அதற்குப் பிறகு நான் பழைய இதழ்களை எடுக்கும்போது கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கிறது. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, இதில் எஸ்பென்சன் இருக்கிறார், ஜோ சென் இருக்கிறார், ஐசக்ஸ் இருக்கிறார். உங்கள் மனசுக்கு எது சரியோ அது.

எந்த வடிவத்தில் வாங்குவது?

சீசன் 8 எட்டு மெல்லிய தொகுப்புகளாகவும், நான்கு பெரிய கெட்டி அட்டைத் தொகுப்புகளாகவும் வந்தது. கெட்டி அட்டை அளவில் பெரியது, ஓவியம் பார்க்க அதுவே நல்லது, மடியில் வைத்துப் படித்தால் கால் மரத்துப் போகும். டார்க் ஹார்ஸிடமிருந்து உரிமை போன பிறகு பழைய பதிப்புகளுக்கு விலை ஏறிவிட்டது, அதனால் செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது தொகுப்பு எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். தனி இதழாகத் தேடுகிறீர்கள் என்றால் இன்னொன்று, ஒரே இதழுக்கு ஜோ சென் அட்டை ஒன்று, ஜீன்டி அட்டை ஒன்று என்று இரண்டு வரும். உள்ளே அதே கதைதான், ஏமாந்து இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். நான் வாங்கினேன்.

ஸ்பைக் வருவானா வர மாட்டானா?

வருவான். இதைக் கேட்காத ஆளே கிடையாது. நடுவில் ஒரு கனவுக் காட்சியில் தலை காட்டுவதை விட்டுவிட்டால், சீசன் 8-இல் அவனுக்காகக் கடைசிப் பகுதி வரை காத்திருக்க வேண்டும். வரும்போது ஒரு கப்பலில் வருவான், பறக்கும் கப்பல். ஓட்டுவது ஆள் உயரப் பூச்சிகள். ஏன் பூச்சிகள் என்று என்னிடம் கேட்காதீர்கள், பட்ஜெட் கவலை இல்லை என்று முன்னமே சொன்னேனே.